மார்ச் பதினேழின் கடல்

ஐயா, சங்க அறையில் இருக்கும் பழைய கணினியில் திகதி பிழையாக இருக்கிறது என்று நேற்றுச் சொன்னீர்கள். பற்றரி பழுதாகியிருக்கும், புதிதாக ஒன்று போடலாம் என்றும் சொன்னீர்கள். பற்றரி நன்றாகத்தான் இருக்கிறது. திகதியை மாற்றி வைத்தது நான். ஏனென்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்குக் கதைக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

நீங்கள் தலைவராக வந்து இரண்டு மாதம்தான். அதனால் அந்தக் கணினியில் இருந்த காற்றுப் படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உதவித் திட்டமொன்றில் வந்த ஒருவர் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் செய்து கொடுத்தது. உலாவியைத் திறந்தால் குருநகர்க் கடல் வரும். நடுவில் ஒரு சின்ன வள்ளம். மௌஸால் அதைப் பிடித்து விரும்பிய இடத்துக்கு இழுக்கலாம். அன்றைய காற்று எவ்வளவோ அவ்வளவுக்கு வள்ளம் ஆடும். காற்று மிஞ்சினால் கவிழும். உலாவியால் தனியாக இதைக் காட்ட முடியாது. பிளாஷ் என்ற செருகி ஒன்று அதற்குள் இருந்து காட்டியது.

என் வேலை சின்னது. ஒவ்வொரு நாளும் வானிலை அறிவிப்பில் வரும் காற்றின் அளவை அன்றைய திகதிக்கு நேரே பதிய வேண்டும். கணினியில் என்ன திகதி இருக்கிறதோ, அந்த நாளின் காற்றைப் படம் எடுத்துக்கொள்ளும்.

பாடசாலையைப் பத்தாம் வகுப்போடு விட்டவள் நான். எழும்பி நின்று வாசி என்றால் குரல் வராது. சங்க அறையில் குரல் தேவைப்படவில்லை. பின்னேரம் மூன்று மணிக்குத் திரையை யன்னல் பக்கம் திருப்பி வைப்பேன். தொழிலுக்குப் போகிறவர்கள் கம்பிக்குள்ளால் கையை விட்டு வள்ளத்தை இழுத்துப் பார்ப்பார்கள்.

"டேய் சிமியோன், மெல்ல இழுடா. கரையிலயே தாட்டுப்போடுவாய்."

"பிள்ளை ஜெயனி, உவன் வரேக்கை மட்டும் காத்தைக் கொஞ்சம் கூட்டிவிடு."

வீட்டில்கூட ஒரு நாளில் அத்தனை தடவை என் பெயரை யாரும் சொன்னதில்லை.

2021 ஜனவரி பன்னிரண்டாம் திகதியோடு பிளாஷ் உலகம் முழுவதும் நின்றுபோனது. செய்தவர்களே நிறுத்திவிட்டார்கள். கடல் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. தேடிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அந்தச் செருகி கணினியின் திகதியைத்தான் பார்க்கிறது. திகதியைப் பின்னுக்குத் தள்ளினால், பழைய உலாவியில் அது ஒன்றும் அறியாமல் வேலை செய்யும். நான் 2019க்குப் போனேன். ஒவ்வொரு நாளும் அதே நாளுக்கு நேரே இருந்த பழைய அளவை அழித்து, அன்றைய உண்மையான அளவைப் பதிந்தேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. படத்தின் மூலையில் திகதி தெரிந்தது. அதை மறைத்து ஒரு சின்ன அந்தோனியார் படத்தை ஒட்டிவிட்டேன்.

"இப்பதான் பிள்ளை பெட்டிக்கு ஒரு களை வந்திருக்கு" என்றார் வின்சன்ற் மாமா.

அதற்குள் எல்லோர் கையிலும் ஃபோன் வந்துவிட்டது. காற்று, மழை எல்லாம் அதிலேயே வந்தன. ஒவ்வொருவராக யன்னலுக்கு வருவதை விட்டார்கள். ஐப்பசி முடியும்போது வின்சன்ற் மாமா மட்டும்தான் மிச்சம். அவரிடம் பட்டன் ஃபோன்தான் இருந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவரும் மகன் ஜெரிசனும் சேர்ந்து வந்தார்கள்.

"பிள்ளை, இவன் எனக்குப் பெரிய ஃபோன் வாங்கியிருக்கிறான். ஞாயிறு பூசையில சுவாமி ஆசீர்வதிச்சுத் தந்தாப் பிறகுதான் தொடலாமெண்டு மாமி அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறா. திங்களிலயிருந்து உனக்கு என்ரை கரைச்சல் இல்லை."

"உந்தச் செத்த படத்துக்கும் ஒரு பூசை ஒப்புக்குடுங்கோ, அப்பா" என்றான் ஜெரிசன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை ஃபோன்களில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. மாலைக்குமேல் பலத்த வாடைக்காற்று, கடலுக்குப் போக வேண்டாம். அந்த மாதத்தில் அது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் எல்லோரும் கரையில் காத்துக் கிடந்தார்கள், ஒரு இலைகூட ஆடவில்லை. நாலாவதும் அப்படித்தான் போகும் என்று நான் நினைத்தேன். வின்சன்ற் மாமா என் படத்தைப் பார்த்துப் போய், மீனோடு திரும்பி வந்தால் போதும். ஃபோன் பிழை, ஜெயனியின் படம்தான் சரி என்று துறை முழுக்கக் கதைப்பார்கள். திங்கட்கிழமை யன்னலில் ஆட்கள் நிற்பார்கள். அவர் திரும்பி வர வேண்டும் என்று அன்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொய்யான அளவு எதையும் நான் பதியவில்லை. அன்றைய அளவைப் பதியாமல் விட்டேன், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு அவர் வந்தார்.

"கூட வாறவன் ஃபோனைப் பாத்திட்டு வரமாட்டன் எண்டு நிண்டிட்டான். நீ என்ன பிள்ளை சொல்லுறாய்?"

நான் திரையைத் திருப்பி வைத்தேன். அவர் கையை உள்ளே விட்டு, வள்ளத்தை மண்டைதீவைத் தாண்டி மெதுவாக இழுத்தார். அது ஆடவில்லை. திருப்பிக் கொண்டுவந்து கரையில் விட்டார்.

"நீ சொன்னாச் சரி" என்றார். "நாளைக்கு உனக்கும் கறிக்கு மீன் இருக்கு."

அவர் துறையில் வள்ளத்தில் ஏறும்வரைக்கும் கூப்பிட நேரம் இருந்தது. யன்னலில் இருந்து துறைக்கு நூறு அடிதான். இயந்திரம் முதல் இழுவையில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் பிடிக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் பிடித்தது. எனக்குக் குரல் வராது என்பது ஊருக்கே தெரியும்.

ஐந்தரைக்குக் கூரைத் தகரம் அடிக்கத் தொடங்கியது. நான் முதலில் செய்த காரியம், கணினியில் சரியான திகதியை வைத்தது. கடல் போய்ச் சாம்பல் பெட்டி வந்தது. அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் மண்டைதீவுக் கரையில் அவரை எடுத்தார்கள். அன்று அவருடைய மனைவி லூர்த்தம்மா மாமி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டா.

"பிள்ளை, மனிசன் உன்னட்டை வந்தவரோ? படத்திலை என்ன காட்டினது?"

"படம் அண்டைக்குத் திறக்கேல்லை, மாமி. பிளாஷ் நிண்டுபோச்சு."

இந்த விஷயத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு மாமியும் ஜெரிசனும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஃபோனைப் பூட்டி வைத்ததால்தான் மனிசன் போனார் என்று மாமி நினைக்கிறா. வாங்கிய அன்றே ஃபோன் பெட்டியை உடைத்துக் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்று ஜெரிசன் நினைக்கிறான். அவன் கடலுக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. ஏழு மாதமாக நான் கிழமைக்கு இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போய் மாமியோடு செபமாலை சொல்கிறேன். என்னைப்போல ஒரு பிள்ளை இல்லை என்று மாமி சொல்கிறா. அதை நான் மறுப்பதில்லை.

இனித் திகதி. அன்றைய அளவைப் பதியாமல் விட்டேன், அவ்வளவுதான் என்று மேலே எழுதினேன். அது முழுமையாகச் சரியில்லை. 2019இலும் அது நவம்பர்தான், வாடைக்காலம். வள்ளத்தை இழுத்துப் பார்த்தேன், ஆடியது. அப்படி ஆடினால் அவர் போகமாட்டார். அதனால் வேறு நாள் தேடினேன். ஓகஸ்டில் சோளகக் காற்று பலமாக இருந்தது. மேயிலும் கொஞ்சம் ஆடியது. நாலாவதாகப் பார்த்தது மார்ச் பதினேழு. அன்று கடல் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

அவரை அடக்கம் செய்த பின் திகதியைத் திரும்பவும் அந்த நாளுக்கே வைத்துவிட்டேன். கணினி தானாக அடுத்த நாளுக்குப் போய்விடும். அதனால் காலையில் அறையைத் திறந்தவுடன் மறுபடி மார்ச் பதினேழுக்குக் கொண்டுவருவேன். நேற்று நீங்கள் எனக்கு முன்னர் வந்துவிட்டீர்கள். அதனால் பதினெட்டு என்று இருந்தது.

என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். திகதியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அங்கே இன்னும் ஒரு துளி காற்று இல்லை. நான் மாமாவை அனுப்பியது அந்தக் கடலுக்குத்தான்.