இரைச்சலைப் பிடித்துக் கொடுத்து வீடு திரும்பும் எபோ டாண்டோ அவர்களுக்கு

செக்கொண்டிக் கடலோரக் கூடத்தின் செவிகளே, கேபிள்களின் காவலரே, ஒலிக்கு ஒழுக்கம் கற்பித்த உத்தமரே, முழங்கால் இரண்டையும் இந்த மேடைக்கடியில் காணிக்கையாக்கிய கருணையாளரே, பெருமதிப்பிற்குரிய எபோ டாண்டோ அவர்களே,

வணக்கம். தங்களை நேருக்கு நேர் நின்று புகழ்ந்தால், கூச்சம் தாங்காமல் எழுந்து ஏதாவது ஒரு வயரைச் சரிபார்க்கப் போய்விடுவீர்கள். ஆகையால் தங்கள் புகழை அவையோரிடம் சொல்கிறோம். தாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

அவையோரே, டாண்டோ இங்கே பணிக்கு வந்த காலத்தில் இருந்த ஆம்ப்ளிஃபையர் ஒரு கறவைப் பசுவின் கனம். நான்கு பேர் தூக்க வேண்டும், ஐந்தாமவர் பக்கத்தில் நின்று ஜெபிக்க வேண்டும். அதைத் தன்னந்தனியாக மேடைக்கு ஏற்றி இறக்கிய முதுகு இன்னும் முழுதாய் நிமிரவில்லை. ஊரில் ஒருவர் கண்மூடினால் உறவினர் அழுவார்கள், டாண்டோ பெருமூச்சு விடுவார். ஏனென்றால் அவருடைய சனிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை இறுதிச் சடங்கு, ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை, திங்கட்கிழமை கேபிள் சுருட்டல் என்று முப்பது ஆண்டுக்கு மேல் ஓடியதில், தம் கல்யாணத்துக்கே வந்து மைக் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்த மனிதர் இவர். இளைப்பாறும் வயது வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சனிக்கிழமை காலையில் தூங்க வேண்டும்.

அந்தத் தூக்கத்துக்குக் குறுக்கே வந்து நின்றது ஒரு கொரகொரப்பு.

பின்சுவரோரம் மிக்ஸர், மேடையோரம் ஆம்ப்ளிஃபையர், இரண்டுக்கும் நடுவே தரைக்கடியில் ஓடும் நீண்ட கேபிள்கள். சடங்கு தொடங்கிச் சற்று நேரத்தில் இடது ஸ்பீக்கர் மட்டும் மீன் பொரிக்கும் சட்டிபோல் பொரியத் தொடங்கும். இறந்தவரின் அருங்குணங்களை மகன் உருக்கமாய்ச் சொல்லும்போதெல்லாம் ஸ்பீக்கர் அதை நம்பாததுபோல் உறுமும். கூட மேலாளர் அபா எஜிர் அம்மையார், டாண்டோவின் விடுவிப்பு ஆணையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“மாமா, அந்தச் சத்தம் நிக்காம நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன். வேணும்னா உங்களுக்கு ஒரு வருஷம் நீட்டிச்சுத் தரச் சொல்லி எழுதுறேன். நிதானமா கண்டுபிடிங்க.”

“ஒரு வருஷமா? மேடம், என் முழங்கால் போன வருஷமே ரிட்டயர் ஆயிடுச்சு.”

“முழங்காலுக்கு நான் ஆர்டர் போடலையே.”

களைத்த மனிதர் கவனம் தளராமல் தேடினார். பாட்டுக்கும் பிரார்த்தனைக்கும் இடைப்பட்ட மூச்சிலே, மிக்ஸரின் பின்னால் இடது வலது கேபிள்களை இடம் மாற்றிச் செருகினார். இரைச்சல் இடது ஸ்பீக்கரைவிட்டு நகரவில்லை. ஆக, மிக்ஸர் நிரபராதி. அவற்றைப் பழையபடி செருகிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் வாயில் இடம் மாற்றிப் பார்த்தார். இரைச்சல் வலது ஸ்பீக்கருக்குத் தாவியது. ஆக, ஆம்ப்ளிஃபையரும் நிரபராதி. குற்றவாளி நடுவழியில்தான் ஒளிந்திருந்தது. திங்கட்கிழமை இடது கேபிளையே உருவிப் போட்டுப் புதிது இழுத்தார். மேடைத் தரையில், மூடி போட்ட சிறு இணைப்புப் பெட்டியைத் திறந்தால், செருகிகளில் பச்சைப் பச்சையாய்க் களிம்பு பிடித்திருந்தது. செக்கொண்டியில் எது கெட்டாலும் உப்புக் காற்றின் தலையில் போடுவதுதானே நம் வழக்கம்? அவரும் அப்படியே போட்டார், துடைத்தார், சோதித்தார். பளிங்குபோல் ஒலித்தது. சனிக்கிழமை வந்தது, சட்டி மறுபடி பொரிந்தது. திங்கட்கிழமை சோதித்தால் சுத்தம், சனிக்கிழமை வந்தால் சத்தம். இப்படியே மாதங்கள் போயின, டாண்டோவின் கன்னங்களும் குழிந்து போயின.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, கூட்டம் சேருமுன்பே டார்ச்சோடு மேடைக்கடியில் தவழ்ந்து போய், பெட்டிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தார். தேடத்தான் படுத்தார், ஆனால் உடம்பு வேறு முடிவு எடுத்தது. அப்படியே அயர்ந்துவிட்டார். எவ்வளவு நேரமோ, உதட்டில் சொட்டென்று ஏதோ விழுந்தது. நக்கிப் பார்த்தார். ஜின். முதல் தரமான ஜின். தலைக்கு மேலிருந்து ஒரு கனத்த குரல், “வாங்கப்பா, எல்லாரும் வாங்க, ஆளுக்கு ஒரு வாய் குடிங்க” என்றது. தாம் செத்துப்போய் முன்னோர் பந்தியில் உட்கார்ந்துவிட்டதாகவே டாண்டோ நினைத்தார். வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை. அங்கே யாரும் பணி நீட்டிப்புத் தரமாட்டார்கள் அல்லவா?

அடுத்த சொட்டு கண்ணில் விழுந்து எரிந்தபோதுதான் உயிரோடு இருப்பது புரிந்தது. ஒட்டடைக் கோலத்தில் வெளியே வந்தவர், இறந்த முன்னோருக்கு மது வார்த்து முடித்த பெரியவர் கோஜோ பெயின்சிலின் பக்கத்தில் போய் நின்றார். ஊர்த்தலைவருக்காகப் பேசும் அந்தப் பெரியவர் கையில் காலிப் புட்டி இருந்தது.

“பெரியப்பா, இப்ப எங்க ஊத்துனீங்க?”

“அதோ, மூடி போட்ட குழியில.”

“அது குழி இல்ல பெரியப்பா. கேபிள் பெட்டி.”

“கார்ப்பெட் நனையக் கூடாதுன்னு உங்க மேடம் போர்டு வெச்சாங்க. பாத்தா, பக்கத்துலயே மூடியோட ஒரு குழி. பெரியவங்களுக்குத் தனி வழி வெச்ச கூடம்னு நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டு வர்றேன்.”

“கார்ப்பெட் போட்ட நாள்லேர்ந்தா?”

“ஆமா. ஏன், குடிச்சவங்க ஏதாவது குறை சொன்னாங்களா?”

“அவங்க ஒண்ணும் சொல்லல. இடது ஸ்பீக்கர்தான் சொல்லுச்சு.”

செய்தி கேட்ட மேலாளர் தம் போர்டைத் தாமே கழற்றினார். ஆனாலும் குழியைவிட்டு வேறிடத்தில் ஊற்றப் பெரியவர் இசையவில்லை.

“இத்தனை நாள் இங்க வந்து குடிச்சவங்க, இனிமே எங்கன்னு தேடுவாங்க? நீங்க போய் விலாசம் சொல்லுவீங்களா?”

மேலாளர் டாண்டோவைப் பார்த்தார். டாண்டோ தம் முழங்காலைப் பார்த்தார். போனவர்களோடு வழக்காட அவரிடம் தெம்பு மிச்சமில்லை. “அவங்க அங்கேயே இருக்கட்டும். நான் பெட்டியை நகத்துறேன்” என்றார். அந்த வாரம் முழுக்க, முனகலை மூச்சாக்கி, கேபிள்களைத் தரையிலிருந்து பெயர்த்துச் சுவரோரமாய் உயர இழுத்துக் கட்டினார். அடுத்த சனிக்கிழமை பெரியவர் தாராளமாய்க் குழியில் கவிழ்த்தார். பாடகர் குழு எழுந்து பாடியது. அபா எஜிர் அம்மையார் இடது ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு ஆம்ப்ளிஃபையரின் மேலேயே தாளை விரித்துக் கையெழுத்திட்டார்.

“இப்ப சந்தோஷமா மாமா?”

“தூங்கி எந்திரிச்சுச் சொல்றேன் மேடம்.”

ஆகவே, அன்பிற்குரியவரே, இனித் தங்களிடம் திரும்புகிறோம். சனிக்கிழமைகள் யாவும் தங்களுக்கே சொந்தமாகுக. சுடச்சுடச் சோளமாவுக் கெங்கியும் பொரித்த மீனும் ஆறுமுன்னே தங்கள் தட்டுக்கு வருக. முதுகு நிமிர்க, முழங்கால் மன்னிக்க, மக்களும் பேரரும் சூழ நூறாண்டு நலமுடன் வாழ்க. இக்கூடத்திலிருந்து தொலைபேசி அழைத்தால், என்ன கெட்டுப்போயிருந்தாலும், எடுக்காதீர்கள்.

இம்மடலை வாசித்து முடிக்கும் இவ்வேளையில் முன்வரிசை நாற்காலியில் தாங்கள் உறங்கிப் போயிருந்தால், அவையோர் கைதட்ட வேண்டாம். மாலையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். மிக்ஸரில் இருப்பவர் சத்தத்தை மெல்லக் குறைக்கட்டும்.

இவண்,
தங்களால் காதுபெற்ற கடலோரக் கூடத்து ஊழியர்களும்,
தங்களுக்கு முன்பே தப்பித்துப் போனவர்களும்,
செக்கொண்டி.