அம்மாவாசி அண்ணன் தன் பெயரை வாசித்த நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் மலைச்சாமி அண்ணன் அவர்களே, நமது சுகாதார மேற்பார்வையாளர் ஏசுதாசன் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு இன்று ஜீப் ஏறாமல் வந்திருக்கும் சகோதரிகளே, திராட்சைக்கு மருந்தடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! உங்கள் பேரூராட்சித் தலைவர் ஜோதிலட்சுமியின் வணக்கம்.

நான் கையில் பிடித்திருக்கும் இந்த மைக், நம்மை விட்டுப் பிரிந்த மைக் அம்மாவாசி அண்ணன் அவர்களுடையது. முப்பத்தொரு வருடம் அவர் கையில் இருந்த மைக். பின்னால் கட்டியிருக்கும் பேனரில் ‘ஒலிபெருக்கிச் செம்மல்’ என்று போட்டிருக்கிறோம். அவர் பார்த்திருந்தால், “தலைவரம்மா, செம்மலெல்லாம் எதுக்கு? மைக்குன்னே போடுங்க, அப்பத்தேன் ஊருக்கு ஆளு தெரியும்” என்றிருப்பார்.

இரங்கல் கூட்டத்தில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்குத் துக்கமாக இருக்கிறது. ஆனால் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருக்கிறது. போன வியாழக்கிழமை காலையில் குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். டீயை முழுசாகக் குடித்தார். நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். அறுபத்திரண்டு வயதில், ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்காமல், யாரையும் தவிக்க விடாமல் போனார். இப்படிப்பட்ட சாவு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இன்னொரு நிம்மதி முன்வரிசையில், பூமாரியின் மடியில் உட்கார்ந்து இரங்கல் நோட்டீசைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கயல், பதினோரு மாதம். அந்தக் குழந்தையும் அதன் தாயும் இன்று இங்கே உட்கார்ந்திருப்பது எப்படி? அதைச் சொல்லாமல் அம்மாவாசி அண்ணனைப் பற்றி என்ன பேசினாலும் அது பேச்சாகாது.

வைகை அணையிலிருந்து வந்திருக்கும் அவருடைய உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்த ஊரில் யார் இறந்தாலும் அம்மாவாசி அண்ணன் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். “செய்தி ஒன்று” என்பார். நிறுத்துவார். தெரு, பெயர், வயது சொல்வார். மறுபடி நிறுத்துவார். அந்தக் குரல் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையை எடுத்துவிடுவார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். ஆட்டோ தெருமுனை தாண்டிய பிறகுதான் ஷட்டர் ஏறும். இது நம் ஊர் வழக்கம். மலைச்சாமி அண்ணன் கடை ஷட்டர் பாதியோடு நிற்கும் இடத்தில் பெயிண்டே போய்விட்டது, போய்ப் பாருங்கள்!

போன வருடம் ஆகஸ்ட் மாதம் பன்றிக்காய்ச்சல் வந்தது. உலகமெல்லாம் பரவிய நோய். டிவியைப் போட்டால் பயம், பேப்பரைப் பிரித்தால் பயம். கேரளாவுக்குப் போய்வரும் ஜீப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி, சின்னமனூரில் நூறு பேர் படுத்துவிட்டார்கள் என்று இன்னொரு வதந்தி. மக்களுக்கு உண்மை நிலவரத்தைத் தினமும் சொல்ல வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டோம். எப்படிச் சொல்வது? ஊருக்கே கேட்கிற குரல் ஒன்றுதான் இருந்தது. அம்மாவாசி அண்ணனைக் கூப்பிட்டேன்.

முதல் தவறு என்னுடையது. மறைக்க மாட்டேன். காய்ச்சல் கண்டு, க.விலக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்தெடுத்து, நல்லபடியாக வீடு திரும்பிய நான்கு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். பிழைத்து வந்தவர்கள் பெயரைக் கேட்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வருமே என்று நினைத்தேன். “தலைவரம்மா, என் வாயில பேரு வந்தா ஊருக்கு ஒரே அர்த்தந்தேன்” என்று அவர் தயங்கினார். நான் கேட்டேனா? “எழுதியதை வாசியுங்கள் அண்ணே” என்றேன்.

வாசித்தார். வழக்கப்படி “செய்தி ஒன்று” என்றார். வழக்கப்படி தெரு, பெயர், வயது சொன்னார். அவ்வளவுதான், ஷட்டரெல்லாம் பாதி இறங்கிவிட்டது! நான்கு பெயருக்குப் பிறகு ‘குணமாகிவிட்டார்கள்’ என்று அவர் கத்தியதை யார் நின்று கேட்டார்கள்? உடனே கூடலூர் வரைக்கும் போன் பறந்தது.

அந்த நான்கு பேரில் ஒருவர் பூமாரியின் மாமியார் ராக்கம்மாள். மதியம் அவருடைய அண்ணன் தம்பி மூன்று பேரும் கூடலூரிலிருந்து ஜீப் பிடித்து வந்து இறங்கினார்கள். கையில் மாலை. தாம்பாளத்தில், இறந்தவருக்குப் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. பின்னால் இரண்டு மேளம். தெருவே கதவிடுக்கில் நின்று பார்க்கிறது. வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் நிமிர்ந்து பார்த்து, “ஏலே, கஞ்சியைக் குடிச்சு முடிக்க விடுங்கடா! அதுக்குள்ள கோடி கொண்டாந்துட்டீகளா?” என்று போட்ட சத்தத்தில் மேளக்காரர்கள் ஓடியே போய்விட்டார்கள்.

இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கும் சிரித்தோம். ஆனால் மறுநாளிலிருந்து சிரிக்க முடியவில்லை. காய்ச்சல் கண்டவர்கள் எல்லோரும் ஒளிந்துகொண்டார்கள்! ஏசுதாசன் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “இங்கன யாருக்கும் காய்ச்சல் இல்ல.” உள்ளே இருமல் கேட்கிறது, வாசலில் ‘இல்ல’ என்கிறார்கள். ஏன்? போனால் பெயர் பட்டியலில் ஏறும். பெயர் ஏறினால் அந்தக் குரலில் வாசிப்பார்கள். அந்தக் குரலில் பெயர் கேட்ட வீட்டில் என்ன நடக்கும் என்பது முப்பது வருடமாக ஊருக்குத் தெரியும். நோயை அல்ல, நம் பேரூராட்சியின் மைக்கைப் பார்த்துப் பயந்து மக்கள் மருந்தில்லாமல் கிடந்தார்கள். அதற்குக் காரணம் யார்? இதோ நிற்கிறேனே, நான்தான்!

மூன்றாம் நாள் சாயங்காலம் ராக்கம்மாள் யாருக்கும் தெரியாமல் அம்மாவாசி அண்ணன் வீட்டுக்குப் போனார். பின்னால் அவரே என்னிடம் சொன்னது இது. “அண்ணே, எம் மருமக பூமாரிக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. ஏழு மாசம். ஆஸ்பத்திரின்னாலே அழுகுறா. எம் மகன் அவளைக் குமுளிக்கு மேல எஸ்டேட்டு லயத்துல கொண்டுபோயி வைக்கப்போறேங்குறான். ஆபீசுல சொல்லிப்புடாதீக, சொன்னா இன்னைக்கே ஜீப்பு ஏத்திருவான்.” ஏழு மாதக் கர்ப்பிணிக்கு அந்தக் காய்ச்சல் எவ்வளவு ஆபத்து என்பதை ஏசுதாசன் எழுதிக் கொடுக்க, அதைத் தெருத் தெருவாக வாசித்ததே அம்மாவாசி அண்ணன்தானே! எஸ்டேட்டில் மருந்து ஏது? டாக்டர் ஏது?

அவர் என்னிடம் வந்து சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று ராக்கம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னிடம் வந்து, “தலைவரம்மா, பேரூராட்சி ஜீப்பை என் ஆட்டோ பின்னாலேயே மெதுவா வரச் சொல்லுங்க. எதுக்குன்னு கேக்காதீக” என்றார். முந்தின தடவை அவர் பேச்சைக் கேட்காமல் பட்ட பாடு போதாதா? வாயை மூடிக்கொண்டு ஜீப்பை அனுப்பினேன்.

அன்று அவர் வாசித்ததை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்.

“செய்தி ஒன்று. மேலத்தெரு. மைக் அம்மாவாசி. வயசு அறுபத்தொன்னு.”

ஊரே அப்படியே நின்றுவிட்டது. மலைச்சாமி அண்ணன் ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி நின்றார். வாசிக்கிறவர் தன் பெயரையே வாசிக்கிறாரே!

“ஏலே, யாரும் மாலை வாங்கிப்புடாதீக! நான்தேன் பேசுறேன்! எனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஒத்தையில போகப் பயமா இருக்கு. ஜீப்புல இடமிருக்கு, துணைக்கு வாறவுக வாங்க. உங்க பேரைக் கேக்க மாட்டேன், வாசிக்க மாட்டேன். என் பேரை வாசிச்சாச்சு, அது போதும்.”

தெருத் தெருவாக இதையே சொன்னார். பூமாரி வீட்டுத் தெருவில் மட்டும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, “இங்கன கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்” என்றார். கதவு திறக்கவில்லை. காத்திருந்தார். மைக்கில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவு திறந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, ராக்கம்மாள் தோளைப் பிடித்தபடி பூமாரி வந்து ஜீப்பில் ஏறினாள். சட்டைகூடப் போடாமல் அவள் கணவனும் ஓடிவந்து ஏறினான். அடுத்தடுத்த தெருக்களில் காய்ச்சல்காரர்கள் இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஒரே ஒரு நாள்!

ஐந்து நாள் கழித்து எல்லோரோடும் ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியதும் மைக்கைப் பிடித்தார். “அஞ்சு பேரு காய்ச்சலோட போனோம், அஞ்சு பேரும் வந்துட்டோம்.” அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் போட்ட காய்ச்சல் முகாமுக்கு முப்பத்தேழு பேர் தாங்களாக வந்தார்கள். அதன்பின் தினமும் காலை ஏழு மணிக்கு அவர் குரல். நேற்று எத்தனை பேருக்குக் காய்ச்சல், இன்று எத்தனை பேர் தேறினார்கள், படுத்திருக்கும் வீடுகளுக்கு நம் ஆட்கள் கஞ்சியும் பாலும் எத்தனை மணிக்கு வாசலில் வைப்பார்கள், மாத்திரை எந்தத் தெருவுக்கு எப்போது வரும் எல்லாம் சொல்வார். கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார்.

அந்த ஏழு வாரத்தில் ஊரில் வயோதிகத்தாலும் வேறு காரணங்களாலும் பதினோரு பேர் இறந்தார்கள். ஒன்றைக்கூட அவர் மைக்கில் சொல்லவில்லை. வலிக்கிற முழங்காலோடு வீடு வீடாக நடந்து சொன்னார். “எதுக்கண்ணே இந்தப் பாடு?” என்றேன். “ரெண்டையும் ஒரே மைக்குல சொன்னா ஊரு எதைத் தலைவரம்மா நம்பும்? காய்ச்சல் போற வரைக்கும் மைக்கு நல்லதுக்கு, காலு கெட்டதுக்கு” என்றார். அந்தக் காய்ச்சலுக்கு நம் பேரூராட்சியில் ஒரு உயிரைக்கூட நாம் கொடுக்கவில்லை. ஒன்றுகூட இல்லை! இதை மைக்கில் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

நவம்பரில் கயல் பிறந்தாள். முப்பது வருடத்தில் முதல்முறையாக அந்தக் குரல் ஒரு பிறப்பை வாசித்தது. பழக்க தோஷம், கடைகளெல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கின! “ஏத்துங்கப்பா, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு!” என்று அவர் கத்த வேண்டியிருந்தது. கூடலூரிலிருந்து வந்த அந்தக் கோடிச் சேலையில்தான் ராக்கம்மாள் பேத்திக்குத் தொட்டில் கட்டினார். ஆகாது என்றவர்களிடம், “எனக்கு வந்த சேலை, எனக்குத் தேவைப்படல. இதைவிட நல்ல சேலை எங்க இருக்கு?” என்று கேட்டார்.

இனி நான் சொல்லப் போவது உங்களுக்குத் தெரியாது. போன வியாழக்கிழமை வரை எனக்கும் தெரியாது. துக்க வீட்டில் ஏசுதாசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மேடம், அவருக்குக் காய்ச்சலே இல்ல” என்றார். “ஆஸ்பத்திரியில டெம்பரேச்சர் பார்த்தாங்க, நார்மல். அன்னைக்கே திரும்புனா ஊருக்குத் தெரிஞ்சுபோகும்னு அஞ்சு நாளும் வாசல் மரத்தடியிலயே இருந்தாரு. யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு.”

தலையைக் குனியாதீர்கள் ஏசுதாசன்! முப்பத்தொரு வருடத்தில் அம்மாவாசி அண்ணன் வாசித்த ஒரே பொய்ச் செய்தி அது. பேரூராட்சி மைக்கில் சொன்ன பொய், அதனால் தலைவர் என்ற முறையில் நான் பொறுப்பேற்கிறேன். கேஸ் போடுகிறவர்கள் போடலாம். சாட்சிக்குக் கயலைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்!

ஆனால் அந்தப் பொய் போன வியாழக்கிழமை என்னை என்ன பாடு படுத்தியது தெரியுமா? அவர் இறந்த செய்தியை ஊருக்குச் சொல்ல வேண்டும். யார் சொல்வது? வேறு குரல் இல்லை. நானே ஆட்டோவில் ஏறினேன். “செய்தி ஒன்று. மேலத்தெரு. மைக் அம்மாவாசி. வயது அறுபத்திரண்டு” என்றேன். ஒரு ஷட்டர் இறங்கவில்லை. டீக்கடையில் சிரித்தார்கள்! ராக்கம்மாள் வாசலில் வந்து நின்று, “போன தடவ மாலை வாங்காதீகன்னாக, இந்தத் தடவ என்ன வாங்கணுமாம்?” என்று கேட்டார்.

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு நடந்தேன், அவர் அந்தப் பதினோரு பேருக்கு நடந்த மாதிரி. முதலில் ராக்கம்மாளிடம் போனேன். அடுத்து மலைச்சாமி அண்ணன் கடைக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எழுந்துவந்து ஷட்டரைப் பிடித்து இழுத்தார். பாதி அல்ல, தரை வரைக்கும்.

அன்பர்களே! அம்மாவாசி அண்ணன் பெயரால் இந்த மேடையில் உறுதி சொல்கிறேன். இனி நம் ஊரில் சாவுச் செய்தி மைக்கில் வராது. வார்டு உறுப்பினர்கள் நடந்து வந்து சொல்வார்கள், நானும் நடப்பேன். இந்த மைக் முகாம் நடக்கும் நாளையும், தண்ணீர் வரும் நேரத்தையும், தேறியவர்கள் கணக்கையும், பிறந்த பிள்ளைகளையும் மட்டும் சொல்லும். அதைப் பேசப் போகிறவர் அன்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறிய பூமாரி. வா ஆத்தா, மேலே வா. குழந்தையை ராக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு வா. இந்தா, பிடி.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆட்டோ புறப்படும். மலைச்சாமி அண்ணே, ஷட்டர் மேலேயே இருக்கட்டும்.