ஆல்பனி கிளையின் புடவை

திவாகர்: கூரியர்னு நினைச்சுத்தான் கதவைத் திறந்தேன். நீன்னு தெரிஞ்சிருந்தா திறந்திருக்க மாட்டேன்.

தனுஷா: தெரியும் அத்தான். அதுதான் கூரியர்க்காரன் மாதிரித் தட்டினனான்.

திவாகர்: அது எப்படி?

தனுஷா: டக்கு டக்கெண்டு தட்டிப்போட்டு ஓடுவினம். நான் ஓடேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

திவாகர்: முதல்ல இந்த அத்தானை நிறுத்து.

தனுஷா: யுவனா அக்கா எங்களுக்கு அக்கா. அக்காட புருசன் அத்தான்தானே?

திவாகர்: உங்க சங்கத்துல இருக்கற அத்தனை பேருக்கும் அவ அக்கா. சான்ட்ரிங்ஹாம்ல காய் வாங்கப் போனா, கத்திரிக்காய்க்குப் பின்னால இருந்து ஒரு அத்தான், அரிசி மூட்டைக்குப் பின்னால இருந்து ஒரு அத்தான். எந்த ஊர்லயும் எந்த ஆம்பளைக்கும் இத்தனை மச்சினிச்சி கிடையாது.

தனுஷா: குடுத்து வைச்சனீங்கள். ஐயோ... அக்கா இல்லாத வீட்டில அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.

திவாகர்: சொல்லியாச்சுல்ல, விடு. கையில என்ன?

தனுஷா: புட்டு. கத்தரிக்காய்க் குழம்பு.

திவாகர்: போன தடவை வாசல்ல ஒரு சாம்பார் வெச்சிருந்தீங்க. அதுல பருப்பைத் தேடி நான் களைச்சுப் போயிட்டேன்.

தனுஷா: அது ரஷ்மி வைச்சது. எங்கட செக்ரட்டரி. பினாங்கில பிறந்து இங்க வளந்தவ, பாவம்.

திவாகர்: பினாங்குல பருப்பு கிடைக்காதா?

தனுஷா: சாப்பிட்டீங்கள்தானே?

திவாகர்: கொட்டணும்னா எந்திரிக்கணும். அதுக்குச் சாப்பிட்டுடலாம்னு சாப்பிட்டேன்.

தனுஷா: உள்ளுக்கு வரட்டோ? ஆல்பனியில இருந்து பஸ் மாறி மாறி வாறன். கை சுடுது.

திவாகர்: வா. செருப்பைக் கழட்டாதே, தரை பெருக்கல.

தனுஷா: எங்க வைக்கிறது?

திவாகர்: அந்த லேப்டாப் மேலயே வை. எப்படியும் வேலை ஓடல... சரி, சாப்பாடு வந்துடுச்சு. நன்றி. கிளம்பறியா?

தனுஷா: அக்கா இருந்தால் அப்பிடிச் சொல்ல விடமாட்டா.

திவாகர்: எதை?

தனுஷா: சும்மா நன்றி எண்டு சொல்லக் கூடாது. என்னத்துக்கு எண்டு சொல்லோணும். அக்கா வைச்ச முதல் விதி அது.

திவாகர்: ஆமாமா. அமெரிக்காவுல காலேஜ் பொண்ணுங்க சொராரிட்டின்னு ஒண்ணு வெச்சிருப்பாங்களாம், அக்கா தங்கச்சின்னு சத்தியம் பண்ணிக்குவாங்களாம். இவ அதை எங்கேயோ பாத்துட்டு வந்து ஆல்பனியில ஆரம்பிச்சா. தமிழ்ச் சகோதரிகள் சங்கம்! மொத்தம் மூணு பேரு. அதுல ஒருத்திக்குத் தமிழே வராது.

தனுஷா: பிறகு நாப்பது பேர் வந்தவை.

திவாகர்: வராம? யாருக்காவது வீட்டுக்காரன் ரூமைக் காலி பண்ணச் சொன்னா இவ போய் நிப்பா. யாருக்காவது விசா மெடிக்கல்னா இவதான் கார் ஓட்டுவா. பரீட்சை நேரத்துல எவளாவது போன் எடுக்கலைன்னா எனக்குச் சோறு கிடையாது, அந்தப் பொண்ணு கதவைத் தட்டப் போயிடுவா. இதுக்குப் பேரு சங்கம் நடத்தறதாம். இலவச ஆம்புலன்ஸ்.

தனுஷா: கூட்டத்துக்குப் பிந்தி வந்தால்?

திவாகர்: பிந்தி வந்தவ பாத்திரம் கழுவணும். தலைவியா இருந்தாலும். அவளே கழுவிட்டு வந்து கையெல்லாம் ஊறிப்போய் நிப்பா. என்கிட்ட ஏன் கேக்கற? உனக்குத் தெரியாததா?

தனுஷா: நீங்கள் சொல்லிக் கேக்க ஆசையா இருந்தது.

திவாகர்: ...விஷயத்துக்கு வா.

தனுஷா: சனிக்கிழமை புதுப் பிள்ளையளைச் சேர்க்கிறம். சாறி வேணும்.

திவாகர்: என்ன சாறி?

தனுஷா: கிளைச் சாறி. அக்கா தந்த அரக்குப் பட்டு.

திவாகர்: ஓ... அந்தக் கூத்தா. தலைவி புடவை கட்டிட்டு நிப்பா, புதுசா வர்றவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, நான் இன்னாருக்கு இன்ன காரணத்துக்கு நன்றி சொல்றேன்னு ஒப்பிப்பா. தலையில தண்ணி தெளிக்கறது ஒண்ணுதான் பாக்கி.

தனுஷா: நான் ஒப்பிக்கேக்க நீங்கள் கடைசி வரிசையில இருந்து சிரிச்சனீங்கள்.

திவாகர்: ஏர்போர்ட்டுல குளிருக்கு அவ ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்ததுக்கு நன்றின்னு நீ அழுதே. அது என் ஜாக்கெட். எனக்கு எவளும் நன்றி சொல்லல.

தனுஷா: இப்ப சொல்லட்டோ?

திவாகர்: வேண்டாம். புடவை இங்க இல்ல.

தனுஷா: தேடிப் பாத்தீங்களோ?

திவாகர்: இல்லன்னா இல்ல. நாப்பது பேரு இருந்த கிளை. இப்ப எத்தனை பேரு?

தனுஷா: ...ஏழு.

திவாகர்: ஏழு பேரை வெச்சுக்கிட்டு உனக்குப் பட்டுப் புடவை கேக்குது. பேசாம மனுகாவ் கிளையோட போய்ச் சேந்துடுங்க. அங்க இருக்கறதுங்களுக்காவது பருப்பு போடத் தெரியும்.

தனுஷா: அவை ஏற்கெனவே சிரிக்கினம். இருங்கோ, போன் அடிக்குது. ரஷ்மி... உங்களுக்குப் போட்டதில கை முழுக்கக் குழம்பு. அத்தான், அதை ஒருக்கா அமத்தி விடுங்கோ.

திவாகர்: இதா? ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.

ரஷ்மி: தனுஷா, எங்க இருக்க நீ? சேலை கிடைச்சுச்சா இல்லையா?

தனுஷா: ரஷ்மி, நான் பிறகு எடுக்கிறன்...

ரஷ்மி: பிறகு பிறகுன்னு ஒரு வருஷமா சொல்ற லா! யுவனா அக்கா ஞாபகமா இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பஸ் கதவுல மாட்டிக் கிழிச்ச. கிழிச்சதோட விட்டியா? தொலைச்சிட்டேன்னு வந்து நிக்கற. முகம்கூட மாறல லா உனக்கு. அதைப் பாத்துத்தான் பாதி பேர் போனாங்க.

தனுஷா: ரஷ்மி, ப்ளீஸ்...

ரஷ்மி: சனிக்கிழமை சேலை இல்லாம வந்தா நீ தலைவி இல்ல. நாங்க பேசி முடிவு பண்ணியாச்சு. மன்னிச்சிக்க லா. பை.

தனுஷா: குழம்பு ஆறுது. சாப்பிடுங்கோ.

திவாகர்: நீ தொலைச்சியா?

தனுஷா: ம்.

திவாகர்: கிழிச்சதும் நேரா இங்கதான் எடுத்துட்டு வந்தே. அக்கா, தைச்சுக் குடுங்கன்னு கெஞ்சினே. நான் அந்தச் சோபாவுலதான் உக்காந்திருந்தேன்.

தனுஷா: ஓம்.

திவாகர்: அவ அதை ஆஸ்பத்திரி வரைக்கும் எடுத்துட்டுப் போனா. ஒரு கையில டிரிப்ஸ், இன்னொரு கையில ஊசி. நர்ஸு வந்து பிடுங்கி வெச்சா, அவ போனதும் திரும்ப எடுத்துக்குவா. சனியனைத் தூக்கிப் போடுடீன்னேன். தங்கச்சிங்க கட்டணும்னா. கிழிசல்ல பாதிதான் ஆச்சு, அதுக்குள்ள போயிட்டா. அப்புறம் எதுக்குத் தொலைச்சேன்னு சொன்னே? திவாகர் வீட்டுல இருக்கு, போய்க் கேளுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே? பெரிய தியாகியா? இதுக்கும் உங்க சங்கத்துல ஏதாவது விதி இருக்கா?

தனுஷா: நீங்கள் ஏன் அத்தான் இவ்வளவு கோவப்படுறீங்கள்?

திவாகர்: முட்டாள்தனத்தைப் பாத்தா எரிச்சல் வருது.

தனுஷா: சாறி எங்க இருக்கெண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் போறன்.

திவாகர்: ...இல்ல.

தனுஷா: எங்க இல்லை?

திவாகர்: எங்கயுமே இல்ல. உடம்பை வெச்சிருந்த ஃபியூனரல் ஹோம்ல அவளுக்குக் கட்டத் துணி கொண்டு வரச் சொன்னாங்க. பீரோவைத் திறந்தேன். எதை எடுக்கறதுன்னு தெரியல. கட்டில் மேல ஆஸ்பத்திரிப் பை கிடந்துச்சு. அதுல இது மேலயே இருந்துச்சு. உங்க கிளையோடதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். அதுலதான் அவளை எரிச்சேன்... போதுமா? போய்ச் சொல்லு உன் ரஷ்மிகிட்ட. நாப்பது பேரோட சொத்தை ஒருத்தன் கேக்காம கொள்ளாம நெருப்புல போட்டுட்டான்னு சொல்லு.

தனுஷா: தெரியும் அத்தான்.

திவாகர்: என்ன தெரியும்?

தனுஷா: அண்டைக்கு அங்க கார் பார்க்கில வைச்சு நீங்கள் பையை ஆரிட்டக் குடுத்தனீங்கள்?

திவாகர்: ஏதோ ஒரு பொண்ணு... உள்ள வேலை செய்யறவன்னு நினைச்சேன். முகத்தைப் பாக்கல.

தனுஷா: பாக்கேல்லை. நீங்கள் என்ட கையில திணிச்சுப்போட்டு காருக்க போய் இருந்திட்டீங்கள். அங்க வேலை செய்யிற ஒரு பொம்பிளையும் நானும்தான் உள்ளுக்க இருந்தனாங்கள். அவவுக்குச் சாறி உடுத்தத் தெரியாது, நான்தான் அக்காவுக்கு உடுத்தி விட்டனான்.

திவாகர்: ...நீயா?

தனுஷா: பையைத் திறந்தவுடனேயே கண்டிட்டன். வேற சாறி கொண்டு வாங்கோ எண்டு வந்து கேட்டிருக்கலாம். கேக்க மனம் வரேல்லை.

திவாகர்: உள்ள போய்ப் பாத்ததும் பெட்டியை மூடச் சொல்லிட்டேன். வேற யாரும் பாக்கல.

தனுஷா: ஓம். அதாலதான் ஒருத்தருக்கும் தெரியாது. ரஷ்மி கேட்டவ. உங்கட பேர் வரக் கூடாதெண்டு, துலைச்சிட்டன் எண்டு சொன்னன்.

திவாகர்: தெரிஞ்சும் இன்னைக்கு எதுக்குச் சாறி வேணும்னு வந்து நின்னே? என்னைக் குத்திப் பாக்கவா?

தனுஷா: சாப்பாடு எண்டால் வாசல்ல வை எண்டு சொல்லுவீங்கள். சுகமோ எண்டால் கதவே திறக்கமாட்டீங்கள். சாறியைக் கேட்டால் சண்டை பிடிக்கவாவது கதைப்பீங்கள்தானே?

திவாகர்: அட... நல்லா நடத்தறடி உங்க கிளையை. மிச்சம் இருக்கற ஏழு பேரையும் இப்படித்தான் ஏமாத்தறியா?

தனுஷா: உண்மையைச் சொல்லுறன். அந்தப் பொய்யை என்னால இனித் தூக்க ஏலாது. சனிக்கிழமை அவைக்குச் சொல்லோணும். அது என்ட விஷயமில்லை, உங்கட விஷயம். நீங்கள் வேண்டாம் எண்டால் சொல்லமாட்டன். துலைச்சவளாவே இறங்கிப் போறன்.

திவாகர்: போனைக் குடு.

தனுஷா: என்னத்துக்கு?

திவாகர்: குடுன்னா... அதே நம்பர்தானே?

ரஷ்மி: இப்ப என்ன தனுஷா?

திவாகர்: திவாகர் பேசறேன். யுவனேஸ்வரி புருஷன்.

ரஷ்மி: அத்தான்...? ஐயோ, மன்னிச்சிருங்க, நீங்க பக்கத்துல இருந்தீங்களா...

திவாகர்: சாம்பார்ல பருப்பு போடணும், தெரியுமா?

ரஷ்மி: ஹா?

திவாகர்: அதை விடு. புடவையைத் தனுஷா தொலைக்கல. என் வீட்டுலதான் இருந்துச்சு. உங்க அக்காவை அதுலதான் வெச்சு அனுப்பினேன். யாரையும் கேக்கல. திட்டணும்னா சான்ட்ரிங்ஹாம் வந்து என்னைத் திட்டு. கேக்குதாமா?

ரஷ்மி: கேக்குது அத்தான்... அக்கா... அதுலயா போனாங்க? தனுஷாகிட்ட போனைக் குடுங்களேன்...

திவாகர்: அழுது முடிச்சிட்டு நீயே கூப்பிடு. வெச்சிடறேன்.

தனுஷா: அத்தான்... உங்களை ஆர் சொல்லச் சொன்னது? நான் சொல்லட்டோ எண்டுதானே கேட்டனான்.

திவாகர்: நீ சொன்னா விழா எடுத்து அழுவே. இப்ப சனிக்கிழமைக்கு என்ன பண்ணப் போற? பீரோ நிறைய அவ புடவை இருக்கு. ஒண்ணு எடுத்துட்டுப் போ.

தனுஷா: வேண்டாம். அது உங்கட. முந்தானை இல்லாமலே சேர்க்கிறன். முதல்ல எழும்பி, சாறி எங்க போனதெண்டு சொல்லுவன். பிறகு ஒராள் மற்ற ஆளின்ட கையைப் பிடிச்சு நன்றி சொல்லட்டும்.

திவாகர்: நாடகம். இதுவும் நாடகம்தான்.

தனுஷா: ஓம். நீங்களும் வந்து கடைசி வரிசையில இருந்து சிரியுங்கோ.

திவாகர்: பாக்கலாம். கிளம்பு, பஸ் போயிடும்.

தனுஷா: வாறன். பாத்திரம் பிறகு எடுக்கிறன்.

திவாகர்: தனுஷா.

தனுஷா: ம்?

திவாகர்: நன்றி.

தனுஷா: என்னத்துக்கு எண்டு சொல்லோணும் அத்தான். விதி.

திவாகர்: உங்க விதியைக் கொண்டு போய்...

தனுஷா: சரி, விடுங்கோ. நான் வாறன்.

திவாகர்: நில்லு... கிழிஞ்ச முந்தானையோட அனுப்பறோமேன்னு அன்னைக்குக் காருக்குள்ள உக்காந்திருந்தேன். உள்ள வந்து பாத்தா கிழிசல் முழுசா மூடியிருந்துச்சு. அவ விட்ட இடத்துல இருந்து வேற ஒரு கை. இந்த ஒரு வருஷமா யார் கையின்னு தெரியாம கிடந்தேன்... கோணல்மாணலாத்தான் இருந்துச்சு உன் தையல். அதுக்கு.