நாற்பத்திரண்டாவது ஆட்டம்

— முடியாது மாமி. ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமைதான். ஒரு பந்துக்காக என் நிக்காஹ்வைத் தள்ளி வைக்க முடியாது.

— மெதுவாப் பேசு லுப்னா, முடுக்குச் சந்து பூரா காது முளைச்சுக் கெடக்கு. நான் சொல்லல, எங்க தெரு சொல்லுது. இந்த ராஹிலா வெறும் தூது. தூது வந்தவளை அடிக்கலாமா?

— அடிக்கல, கத்துதேன். இந்த வாரத்துல மூணாவது தடவை வாரீங்க. மொத தடவை தேத்தண்ணி குடுத்தேன், ரெண்டாந்தடவை தண்ணி குடுத்தேன்.

— இப்ப அதுவும் இல்லேன்னு தெரியுது. நாங்க என்ன பெரிசாக் கேட்டுட்டோம்? வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பொறவு எங்க பண்டகசாலைத் தெருவுக்கும் உங்க தரகர் தெருவுக்கும் ஆட்டம். அது முடிஞ்சு, அடுத்த ஞாயித்துக்கிழமை நிக்காஹ் வையுங்கன்னு கேக்குதோம். ஏழு நாளு. அதுக்குள்ள மாப்பிள்ளை ரியாஸ் என்ன நரைச்சா போவான்?

— போன வருஷம் கோப்பை ஆட்டம்னு சொல்லி ஒரு தடவை தள்ளினீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப நாப்பத்திரண்டாவது ஆட்டம்ங்கீங்க. அது முடிஞ்சா நாப்பத்து மூணு வரும். நான் பல்லு போன பொறவு மருதாணி போடவா?

— நீ விவரம் தெரியாதவ மாதிரிப் பேசுதியே. ஊருச் சட்டம் என்ன? எந்தத் தெருவுல ராத்தங்குதானோ அந்தத் தெருவுக்குத்தான் ஆடணும். நம்ம ஊருல பொண்ணா வீட்டை விட்டுப் போறா? மாப்பிள்ளைதான பொண்ணு வீட்டுக்கு வந்து குடியிருக்கான். ஞாயித்துக்கிழமை மாலையும் கழுத்துமா அவன் உன் வாசப்படி ஏறினான்னா, வெள்ளிக்கிழமை உங்க சட்டையை மாட்டிக்கிட்டு எங்களுக்கு எதிரா கோல்ல நிப்பான். நாலு வருஷம் மவளே. நாப்பத்தொரு ஆட்டம். முப்பத்தாறு ஜெயிப்பு, அஞ்சு சமம், தோல்வின்னு ஒண்ணு கெடையாது. எல்லாம் அந்தப் பய கையுறையை மாட்டின நாளுல இருந்து.

— உங்களுக்குப் பந்தாட்டமே பிடிக்காதுன்னுல்லா சொல்லுவீங்க?

— பிடிக்காதுதான். இருபத்திரண்டு கழுதைய ஒரு தோலுக்குப் பொறத்தால ஓடுததுல என்ன இருக்கு? ஆனா என் காது இருக்கே, அதுல விழுந்தது வெளிய போவாது.

— வாய் வழியாத்தான் போவும்.

— சொல்லிக்கோ. எங்க தெரு இருக்குத இருப்பை நீ வந்து பாக்கணும். மருந்துக்கடைக்காரர் நாலு வருஷமா ஒரே செருப்பு. வாரு அறுந்து சணலைப் போட்டுக் கட்டியிருக்காவ. மாத்தினா தோத்துருவோமாம். ரியாஸ் உம்மா ஆட்டத்தன்னைக்குப் புளியாணம் தவிர வேற ஆணம் வச்சதில்ல. அந்த வீட்டு மனுசருக்கு வயித்துல புண்ணாயிட்டு, அப்பவும் குழம்பை மாத்த மாட்டேங்கா. மூஸா காக்கா கதை எல்லாத்துக்கும் மேல. பந்தாட்டச் சங்கத்துத் தலைவரு, ஆனா நாலு வருஷமா ஒரு ஆட்டத்தைக் கண்ணால பாத்ததில்ல. அவிய வர முடியாமப் போன அன்னைக்குத்தான் மொத ஜெயிப்பாம். அன்னையில இருந்து மைதானத்துக்குப் பின்னால ஐஸ் பிளாண்ட் சுவத்துல முதுகைச் சாய்ச்சு, கடலைப் பாத்துக்கிட்டு நிக்காவ. சத்தத்தை வச்சே யாரு கோல் போட்டான்னு சொல்லிருவாவ.

— மூஸா மாமா எந்தத் தெருக்காரரு மாமி?

— என்ன கேள்வி இது. எங்க தெருதான்.

— பொறந்தது?

— பொறந்தது இங்கன, உங்க தரகர் தெருவுல. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்ன எங்க தெருவுக்கு மாப்பிள்ளையா வந்தாவ.

— உங்க வீட்டு மாமா?

— அவிய வடக்குத் தெரு. ரியாஸ் வாப்பா கீழத் தெரு. நீ எங்க வாரேன்னு எனக்குத் தெரியுது.

— தெரிஞ்சா சரி. உங்க தெருவுக்காக நின்னு தொண்டை கிழியக் கத்துத ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு வேற தெருவுல இருந்து வந்து ஒட்டினவங்க. அவங்க வந்தப்ப யாரும் தேதியத் தள்ளல. என் மாப்பிள்ளை வாரப்ப மட்டும் உங்களுக்கு ஏன் கை நடுங்குது?

— துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசுக்குப் போவ ஆரம்பிச்சதுல இருந்து உன் வாய் தூத்துக்குடி வரைக்கும் நீண்டு போச்சு.

— அங்கனதான் படிச்சேன். கப்பல் வார தேதிய நம்ம வசதிக்கு மாத்த முடியாது. வருதுன்னு தெரிஞ்சா நாமதான் தயாரா இருக்கணும். உங்க சங்கத்துல கோலுக்கு வேற ஆளே இல்லியா?

— ஒரு பய இருக்கான், கண்ணாடி போட்டவன். பந்து வந்தா மொதல்ல கண்ணாடியத்தான் பிடிப்பான். அதை விடு. தேதி வேண்டாம்னா, தெருவுல இன்னொரு வழி சொல்லிவிட்டிருக்காவ. கோவப்படாமக் கேளு. உங்க கொல்லைக் கதவு இந்த முடுக்குலதான தொறக்குது? முடுக்குக்கு அந்தப் பக்கம் எங்க தெரு. மாப்பிள்ளை கொல்லை வழியாவே போய் வரட்டும். அப்ப அவன் எங்க தெருப் பக்கமாக் குடியிருக்கதாத்தான கணக்கு?

— என் மாப்பிள்ளை கோழி மாதிரி கொல்லை வழியா வரணும்.

— சரி, அதுவும் வேண்டாம். ஞாயித்துக்கிழமையே நிக்காஹ் நடக்கட்டும். எல்லாரும் சஹன் தட்டைச் சுத்தி உக்காந்து நெய்ச்சோறு திங்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் மாப்பிள்ளை படுக்கை மட்டும் அவன் உம்மா வீட்டுல இருக்கட்டும். அஞ்சே ராத்திரி.

— மாமி.

— நான் சொல்லல மவளே.

— தெரு சொல்லுது. அந்தத் தெருகிட்ட நான் சொன்னதா இதையும் சொல்லுங்க. என் கல்யாண ராத்திரிக்கு உங்க சங்கத்துல தீர்மானம் போட வேண்டாம்.

— ரியாஸ் மனசுல என்ன இருக்குன்னு கேட்டியா? எங்க தெருவுல அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறான். அவனைப் பாத்துப் பெருசுகள் பெருமூச்சு விடுதாவ. சாவு விழுந்த மையத்து வீட்டுக்கு வந்தவனை மாதிரி தோளைத் தடவிக் குடுக்காவ.

— கேட்டேன். எங்க கோல்ல நின்னா, உங்க பழைய தெரு ஆளுங்க பந்து அடிக்கும்போது கையக் கட்டிக்கிட்டு நிப்பீங்களான்னு கேட்டேன். வார பந்தைப் பிடிப்பேன்னு சொன்னாவ. எனக்கு அது போதும்.

— அப்ப நாங்க தோக்கணும்.

— தோத்தா என்ன மாமி? நாலு வருஷமா செருப்பை மாத்தப் பயம், குழம்பை மாத்தப் பயம், கண்ணைத் தொறந்து ஆட்டம் பாக்கப் பயம். ஜெயிச்சவங்க மூஞ்சியா இது? பிரசவ வார்டு வாசல்ல நிக்குதவங்க மாதிரில்லா இருக்கீங்க.

— இதை இப்படியேவா போய்ச் சொல்ல?

— ஒரு எழுத்துக் குறையாமச் சொல்லுங்க. வேணும்னா நாலு எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க, அது உங்களுக்கு வராத வித்தையில்ல. தேதியும் மாறாது, படுக்கையும் மாறாது. வெள்ளிக்கிழமை உங்க பயலுவளை மைதானத்துக்கு வரச் சொல்லுங்க.

— சரி, போறேன். இவ்வளவு பேச்சும் எனக்கு மூஸா காக்கா வாங்கிக் குடுத்தது. நல்லா அழுத்திக் கேளு ராஹிலா, உன்னை விட்டா இந்த வேலைக்கு ஆளில்லன்னு மூணு தடவையும் என் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னாவ.

*

— வாங்க மாமி. முடுக்கு வழியா வராம முன்வாசல் வழியா வாரீங்க, என்ன விசேஷம்?

— கல்யாணம் முடிஞ்சு நாப்பது நாளாவுது, இன்னுமா உங்கூட மல்லுக்கு நிக்க? வாய் இனிக்க வட்டிலப்பம் கொண்டாந்திருக்கேன். எங்க மாப்பிள்ளை எங்க?

— எங்க மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்காவ.

— உங்க மாப்பிள்ளைதான், யாரு இல்லேன்னா? எங்க நெஞ்சுல ஏறி மிதிச்சுட்டுப் போன மாப்பிள்ளை. உங்க பயலுவ போட்ட அந்த ஒத்தக் கோலை விடு, அது எங்க கண்ணாடிக்காரன் காலுக்கு நடுவுல போன பந்து. கடைசியில எங்களுக்கு ஒரு பெனால்ட்டி கெடச்சுதே, அதைச் சொல்லு. யாசிர் அடிக்க வாரான். யாசிர் எப்பவும் இடப்பக்கம் அடிப்பான்னு ரியாஸுக்குத் தெரியும். அது ரியாஸுக்குத் தெரியும்னு யாசிருக்கும் தெரியும்.

— நீங்க எங்கன இருந்து பாத்தீங்க?

— மாடியில துணி எடுக்கப் போனேன், கண்ணுல பட்டுது.

— மூணு மணியில இருந்து எடுத்துக்கிட்டே இருந்த துணியா?

— குறுக்கப் பேசாதே. யாசிர் வலப்பக்கம் திருப்பி அடிச்சான். ரியாஸும் வலப்பக்கமே பாஞ்சு பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். முடிஞ்சுது. எங்க தெரு ஆம்பளைய வீடு திரும்பின கோலத்தைப் பாக்க முடியல. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கல. மூஸா காக்கா மட்டும் நெஞ்சை நிமித்திக்கிட்டு வாராவ. யாருட்டலே தோத்தோம், நான் கையுறை வாங்கிக் குடுத்த பயகிட்ட, வேற எந்தக் கொம்பனும் நம்மள ஜெயிக்கலன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வாராவ. குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலங்குத கதை.

— ஒட்டலதான் போல.

— அதுக்குப் பொறவு எங்க முன்வரிசையே காலியாயிட்டு. பன்னெண்டே நாளுல யாசிர் தம்மாமுக்குப் போயிட்டான். கூட ஆடின ரெண்டு பேரும் ஷார்ஜாவுக்குப் போயிட்டானுவ. தலை காட்ட வெக்கப்பட்டு விமானம் ஏறிட்டானுவன்னு நான் சொல்லல.

— தெரு சொல்லுது.

— ஆமா. போன வாரம் தூத்துக்குடித் துறைமுகத்துக்காரனுவ வந்து நாலு கோல் போட்டுட்டுப் போனானுவ. அழுவதுக்கு ஒரு ஆளில்ல. அதான் ஏற்கெனவே தோத்தாச்சேன்னு எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போயிட்டாவ. நாலு வருஷத்துல மொத தடவையா மூஸா காக்கா மைதானத்துக்குள்ள வந்து உக்காந்து, கடலை கொறிச்சுக்கிட்டே பாத்தாவ.

— மாமி, யாசிர் போறதுக்கு முந்தின நாளு அவங்க உம்மா பேப்பரையெல்லாம் எங்கிட்டக் கொண்டு வந்தாவ. எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கச் சொன்னாவ. ஆபீஸ் பழக்கத்துல நான் மொதல்ல தேதியத்தான் பாப்பேன். விசா என்னைக்கு வந்திருக்கு தெரியுமா? அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணரை மாசம் முன்னாலயே. மூணு பேருக்கும்.

— ஒண்ணரை மாசமாவா? எங்க தெருவுல, எனக்குத் தெரியாமலா?

— உங்களுக்குத் தெரியாமப் போனதாலதான் மூணு பேரும் போவ முடிஞ்சுது. தெரிஞ்சிருந்தா ஊரே தெரிஞ்சிருக்கும். தோக்காம இருக்கும்போது எங்கலே போறீங்க, இந்த சீசன் முடியட்டும்னு தெருவே காலைப் பிடிச்சிருக்கும். அந்த விசா அடுத்த சீசன் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?

— இதை யாரு மறைச்சு வச்சது?

— மூஸா மாமா. அவிய மூலமாத்தான் விசாவே வந்துது. வெளிய சொன்னா மூணு குடும்பத்துப் பொழப்பு போச்சு. சொல்லலேன்னா, முன்வரிசை இல்லாம நாப்பத்து மூணாவது ஆட்டத்துல துறைமுகத்துக்காரங்ககிட்ட மாட்டணும். ரியாஸ் அங்கனயே இருந்திருந்தா அந்த நாலு கோலும் அவிய வலையில விழுந்திருக்கும்.

— அதுக்கும் உன் நிக்காஹ்வுக்கும் என்ன?

— பேப்பரைப் பாத்த அன்னைக்கே நான் வாப்பாகிட்டப் போய்க் கேட்டேன். மொதல்ல மழுப்பினாவ, பொறவு சொல்லிட்டாவ. வாப்பாவும் மூஸா மாமாவும் இந்தத் தெருவுல ஒண்ணாக் கோலி ஆடினவங்கல்லா. அந்த ஞாயித்துக்கிழமைய குறிச்சுக் குடுத்ததே மூஸா மாமாதானாம். எப்படியும் தோக்கப் போறோம், தோக்குறதை நம்ம பயகிட்டத் தோப்போம், வெளியூர்க்காரனுக்கு அந்தப் பேரைக் குடுக்க மாட்டேன்னாவளாம். இது ரியாஸுக்குக்கூட இன்னும் தெரியாது.

— அல்லாவே. அப்ப அந்த மனுசன் என்னை எதுக்கு மூணு தடவை இங்க அனுப்பி, தள்ளி வையி தள்ளி வையின்னு கெஞ்ச வச்சாவ?

— நானும் வாப்பாகிட்ட அதைத்தான் கேட்டேன் மாமி. மூஸா மாமா சொன்னாவளாம், ‘உன் மவ எளகின மனசுக்காரி, ரியாஸ் மூஞ்சியப் பாத்து அவளாவே ஒரு வாரம் தள்ளினாலும் தள்ளிருவா. நான் ராஹிலாவை அனுப்பிக் கேக்க வைக்கேன், பொறவு அவ ஒரு நாளு கூட நவுத்த மாட்டா’ன்னு.