தீயை நகர்த்திய டாக்டர் லீஸ்பெத்

மேடையிலிருக்கும் மருத்துவர்களே, கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் ராட்டர்டாம் மக்களே! நான் கோரி. துறைமுகத்தில் சுமை இறக்கிய ஆரியின் மனைவி. இன்றோடு பணி ஓய்வு பெறும் நம் டாக்டர் லீஸ்பெத் ஹோக்ஸ்மா அம்மையாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வந்தேன். நாலோடு நிற்குமா? தெரியவில்லை.

ஆரிக்கு மூத்திரப்பையில் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுப்பதோடு, உள்ளே சூடும் ஏற்ற வேண்டும் என்றார்கள். பெரிய வளையம் போன்ற கருவிக்குள் படுக்கவைத்து, வயிற்றைச் சுற்றித் தண்ணீர்ப்பை கட்டி, நாலு பக்கமிருந்தும் ரேடியோ அலைகளை அனுப்புவார்கள். அவை கூடுகிற இடத்தில் சூடு ஏறும். கட்டியில் ஏறினால் மருந்து. வேறெங்காவது ஏறினால் சதை வெந்துவிடும். அந்த வேண்டாத சூட்டைப் பிடிப்பதுதான் அம்மையாரின் வேலை. சூடு அளக்கும் கம்பியை உடம்பெல்லாம் செருக முடியுமா? வைத்த இடத்தை மட்டும்தானே அது சொல்லும்?

ஒரு நாள் ஆரி வளையத்துக்குள் படுத்திருந்தார்; திரையில் எல்லாம் சரியாக இருந்தது.

"எங்கயாவது சுடுதா ஆரி?"

"பரவாயில்ல டாக்டர்."

அம்மையார் திரையை விட்டுவிட்டு ஆரியின் கால்விரல்களைப் பார்த்தார். சுருண்டு கிடந்தன!

"நம்ம ஊர்ல பரவாயில்லன்னா கால் ஒடிஞ்சிருக்குன்னு அர்த்தம். உண்மையைச் சொல்லுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அடப் பாவி மனுஷா, வாயைத் திற! வீட்டுல சூப்பு சுட்டா மட்டும் தெருவையே கூட்டுறியே!"

அவர் அழுதுவிட்டார். "இடுப்பெலும்புகிட்ட எரியுது. சொன்னா சூட்டைக் குறைச்சிடுவீங்க. கட்டி பிழைச்சுக்கும், நான் போயிடுவேன்."

"யாரு குறைக்கப் போறா? நகர்த்தப் போறேன். மாஸ் ஆத்துல ரெண்டு இழுவைப்படகு எதிரெதிரா வந்தா, அலை எங்க உசரும்?"

"ரெண்டும் சந்திக்கிற இடத்துல."

"ஒண்ணைக் கொஞ்சம் தாமதமா விட்டா?"

"உசர்ற இடம் தள்ளிப் போகும்..."

பேசிக்கொண்டே அம்மையார் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் ஆரியின் விரல்கள் ஒவ்வொன்றாய் விரிந்தன. கட்டியில் சூடு அப்படியே இருந்தது!

தொட்டாரா? இல்லை. கீறினாரா? இல்லை. கண்ணுக்குத் தெரியாத அலையை, ஒரு மனிதனின் வயிற்றுக்குள், இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மேல் சிலிர்க்கிறது. ஆரி இதோ, இரண்டாம் வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அம்மையாரே, புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்காருவோம். "சுட்டால் கத்துங்கள், சூடு குறையாது, நகரும்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். இது சத்தியம்!

என் பேத்தி ஃபெம்கே, உங்கள் பிரிவில் வேலை செய்கிறவள், இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. தவறாக நினைக்காதீர்கள். இந்நேரம் வளையத்துக்குள் ஒருவர் படுத்திருக்கிறார். என் பிள்ளை அவர் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.