சாம்பல் நிறக் கோட்டும் டெலிவரி கட்டணமும்

ஆடும் நாற்காலியில் ஆடாமல் அமர்ந்து அவையை நடத்தும் தலைவர் அவர்களே, சுருக்கமாக வாசிப்பதாகச் சொல்லி ஆண்டறிக்கையை விரிவாகவே வாசித்து முடித்த செயலாளர் அவர்களே, நமது நுகர்வோர் மன்றத்தை ரசீது ரசீதாக அடுக்கிக் கட்டி எழுப்பிய பெரியோர்களே, அந்த ரசீதுகளைத் துணி துவைக்கும் முன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காப்பாற்றிய தாய்மார்களே, பின்வரிசையில் இந்த நிமிடமும் கைப்பேசியில் எதையோ வாங்கிக்கொண்டிருக்கும் என் வயதுத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு நீளமானது. இணையத்தில் வாங்கிய உடையை ரத்து செய்யும்போது டெலிவரி கட்டணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

இதைப் பேசத் தகுதியானவர் நான் அல்ல. அவர் மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நீங்கள் ரீஃபண்ட் அண்ணன் என்று அழைப்பவர். நான் அப்பா என்று அழைப்பவர். மேடையேறச் சொன்னதற்கு, லிஃப்ட் இல்லாத மேடையில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே மகள் வந்திருக்கிறேன்.

அவர் வென்ற கதைகளை நான் சொல்லப் போவதில்லை. அவற்றை அவரே சொல்லுவார். தெருமுனையில். நீங்கள் கேட்காமலே. நான் சொல்ல வந்தது அவர் தோற்ற ஒரே ஒரு கதை.

தலையை ஆட்டாதீர்கள் அப்பா. ஒலிபெருக்கி இப்போது என்னிடம் இருக்கிறது.

அவையோரே, முதலில் ஒரு கேள்வி. துணி வேண்டாம் என்றால் துணியின் விலை திரும்பி வருகிறது. அந்தத் துணி வராத வழிக்கு வாங்கிய கட்டணம் மட்டும் ஏன் திரும்பி வர மறுக்கிறது? கிளம்பாத வண்டிக்கு வாடகையா? ஏறாத படிக்குக் கூலியா? தட்டாத கதவுக்குத் தண்டமா? இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு என் அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. கேட்டுக்கொண்டே வளர்ந்ததால் எனக்குப் பேச்சு வந்தது.

எங்கள் வீட்டில் யாரும் தனியாக எதையும் வாங்க முடியாது. வீட்டுக்கே ஒரு கூடை. அது அப்பாவின் கைப்பேசியில் இருக்கிறது. மாதம் முழுவதும் அவரவருக்கு வேண்டிய உடையை அவரவர் அதில் போட்டு வைக்கலாம். மாதக் கடைசியில் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். ஒரே ஆர்டர், ஒரே பொட்டலம், ஒரே டெலிவரி கட்டணம். அந்த ஒரு கட்டணத்தையும் அவர் செலுத்தும்போது பார்க்க வேண்டும். உறவினரை வழியனுப்புவது போல் இருக்கும் முகம்.

அந்த மாதக் கூடையில் ஐந்து உடைகள் இருந்தன. அப்பாவுக்குக் கால்சட்டை. தம்பிக்குச் சட்டை. எனக்கு ஒரு கம்பளிச் சட்டை. அத்தைக்கு, அதாவது எங்களோடு இருக்கும் அப்பாவின் அக்காவுக்கு, இரவு உடை. ஐந்தாவது, பெண்கள் அணியும் கோட்டு. சாம்பல் நிறம்.

அது யாருடையது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா விலையைப் பார்ப்பவர். படத்தைப் பார்ப்பவர் அல்லர். ஆனால் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அது அம்மாவுடையது.

அம்மா முன்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தம்பி பிறந்ததோடு அது நின்றது. அவன் வளர்ந்து தாடிக்கு ஆசைப்படும் வயதில், அவர் மீண்டும் வேலை தேடத் தொடங்கினார். முதல் நேர்முகத் தேர்வுக்கு எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் மாநாடு கூடியது. எந்தப் பேருந்தில் போனால் மிச்சம் என்று அப்பா. எப்படி உட்கார வேண்டும் என்று அத்தை. எதைப் பேசக் கூடாது என்று நான். வேலை கிடைக்கவில்லை. ஆறுதல் சொல்ல நான்கு பேர் வரிசையில் நின்றோம். தோல்வியைத் தாங்கிவிட்டார். ஆறுதலைத் தாங்க முடியவில்லை. ஆகவே அடுத்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

ஓர் அச்சகத்தின் வரவேற்பு மேசை. திங்கட்கிழமை நேர்முகம். அவரிடம் இருந்த ஒரே கோட்டின் முழங்கை தேய்ந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. ஆகவே இந்தச் சாம்பல் நிறக் கோட்டு.

முன்வரிசையில் இருக்கும் பெண்மணி ஒருவர் தலையசைக்கிறார். உங்களுக்கும் அப்படி ஒரு கோட்டு இருந்திருக்கும்.

ஆர்டர் போட்ட மறுநாள் காலை அந்த இணையக் கடை தள்ளுபடி அறிவித்தது. அதே கால்சட்டை, அதே சட்டை, நேற்றைவிட மலிவு. அப்பா தேநீரைக் கீழே வைத்தார். ஒருவர் துரோகத்தைச் சந்திக்கும்போது எப்படி இருப்பார் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவர் சொன்னது ஒரே வார்த்தை. ரத்து. எல்லாவற்றையும் ரத்து செய்வோம், கட்டணத்தோடு திரும்பப் பெறுவோம், மலிவு விலையில் மறுபடி வாங்குவோம்.

நம் மன்றத்தின் இளையவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். உடை கிடங்கைவிட்டுக் கிளம்பும் முன் ரத்து செய்யுங்கள். அப்போதே திரையைப் படம் பிடித்து வையுங்கள். அந்தக் கடையின் விதிப்படி, முழு ஆர்டரும் ரத்தானால் டெலிவரி கட்டணமும் திரும்பும். ஒரே ஒரு கைக்குட்டை மிஞ்சினாலும் திரும்பாது. வண்டி அந்தக் கைக்குட்டைக்காக வந்துதானே ஆக வேண்டும் என்பது அவர்கள் வாதம். உங்கள் கடையின் விதி என்னவென்று முன்கூட்டியே படியுங்கள். அப்பா படிப்பார். சத்தமாக. சாப்பாட்டு மேசையில்.

ஆனால் அப்பா ஜனநாயகவாதி. கூடையில் போட்டவரே வந்து ரத்து செய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கைப்பேசியை மேசை மேல் வைத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். ஒவ்வொருவராகப் போய் அழுத்தினோம். அம்மாவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கென்று எதுவும் இல்லையே, சும்மா மரியாதைக்கு வருகிறார் என்று நினைத்தோம். திரையில் கேள்வி தெரிந்தது: இதை ரத்து செய்யவா? அம்மா நிதானமாக அழுத்தினார். வேண்டாம் என்பதை.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். நான்கு உடைகளின் விலை திரும்பி வருவதாகச் செய்தி வந்தது. டெலிவரி கட்டணத்தைப் பற்றி மூச்சே இல்லை.

எவ்வளவு கட்டணம் என்று கேட்கிறீர்களா, ஐயா? சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்கு மறுபடி வலிக்கும்.

அப்பா வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டார். ஒலியைப் பெரிதாக வைத்தார். நியாயம் என்றால் நாலு பேர் கேட்க வேண்டும் அல்லவா? எடுத்தது ஓர் இளம்பெண். அப்பா பணிவாகத்தான் பேசினார். பேசுகிறவள் விதியை எழுதியவள் அல்ல என்பது அவருடைய கொள்கை. அந்தப் பெண்ணும் பணிவாகவே சொன்னாள், ஒரு கோட்டு இன்னும் ரத்தாகவில்லை என்று.

அப்பாவின் பார்வை என் மேல் விழுந்தது. நான் மறுத்தேன். நவீனமாக இருப்பவள் மறுத்தால் யார் நம்புவார்? அடுத்து அத்தை.

“எனக்கு எதுக்குடா கோட்டு? நான் என்ன வக்கீலா?” என்றார் அத்தை.

தம்பியைப் பார்த்தார். அவன் தாடியைத் தடவினான். அதாவது தாடி வரவிருக்கும் இடத்தை.

சமையலறைப் பக்கம் யாருமே பார்க்கவில்லை. அவையோரே, இதைத்தான் நான் நின்று சொல்ல விரும்புகிறேன். ஐந்து உடைகள். ஐந்து மனிதர்கள். எளிய கழித்தல் கணக்கு. பட்டம் பெற்ற எனக்கும் அது வரவில்லை.

அந்தப் பெண் அவசரப்படுத்தினாள். பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இந்த அழைப்பு முடிவதற்குள் சொன்னால் கோட்டையும் ரத்து செய்து, டெலிவரி கட்டணத்தை முழுதாகத் தர முடியும் என்றாள். முழுதாக. அந்தச் சொல்லில் அப்பாவின் முகம் மலர்ந்தது.

“பண்ணிடும்மா,” என்றார்.

“பண்ணாதீங்க.”

குரல் சமையலறையிலிருந்து வந்தது. உரத்த குரல் அல்ல. அத்தை கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார்.

“அது என்னோடது,” என்றார் அம்மா. “திங்கக்கிழமை ஒரு இடத்துக்குப் போகணும். வேலை கேட்டு.”

“சொல்லவே இல்லையே,” என்றார் அப்பா.

“சொன்னா நாலு பேரும் கூட வருவீங்க.”

உண்மைதான். அத்தை மனதுக்குள் புறப்படவே தொடங்கியிருந்தார்.

அப்பா தொலைபேசிப் பக்கம் திரும்பினார். மலிவு விலையில் அதே கோட்டை மறுபடி வாங்க முடியுமா என்று கேட்டார். அந்த அளவு தீர்ந்துவிட்டது. இப்போதே கட்டும் பொட்டலம் திங்களுக்குள் வருமா என்று கேட்டார். ஞாயிறு வந்துவிடும். அப்படியென்றால் டெலிவரி கட்டணம்? அது திரும்பாது, சார்.

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே ஓர் அமைதி இருக்கும். அதில் சிக்கியவர்களுக்குத் தெரியும். அந்த அமைதி எங்கள் கூடத்தில் இருந்தது. ஒரு பக்கம், வாழ்நாளில் எந்தக் கடைக்கும் எந்தக் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்காத மனிதர். மறுபக்கம், வாழ்நாளில் அவரிடம் எதற்காகவும் வாதாடாத மனைவி. நடுவில் ஒரு கோட்டு.

“இருக்கட்டும்மா,” என்றார் அப்பா. “கட்டணத்தை நீங்களே வெச்சுக்கோங்க. கோட்டை மட்டும் அனுப்பிடுங்க.”

அந்தப் பெண்ணுக்குக் கோபத்தைச் சமாளிக்கப் பயிற்சி உண்டு. அழுகையைச் சமாளிக்கப் பயிற்சி உண்டு. இதற்குப் பயிற்சி இல்லை. இன்னொரு முறை சொல்ல முடியுமா சார் என்று கேட்டாள். அப்பா இன்னொரு முறை சொன்னார். ஒருவனை ஒரே நாளில் இரண்டு முறை தோற்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

வைக்கும் முன் அவள் இரண்டு விஷயங்கள் சொன்னாள். ஒன்று, மேடத்துக்கு ஆல் த பெஸ்ட். மற்றொன்று, வரும் பொருளில் குறை இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அப்போது பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு டெலிவரி கட்டணத்தோடு பணத்தைத் தருவோம்.

இரண்டாவதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டு வந்தது. அம்மா தொடும் முன் அப்பா அதை வாங்கிக்கொண்டு சன்னலோரம் போனார். லிஃப்ட் குழிக்குள் அடிக்கும் டார்ச்சை எடுத்து வந்தார். தையல் தையலாகப் பார்த்தார். உள்துணியைப் பார்த்தார். கைக்குழியில் தலையை விட்டே பார்த்தார். அம்மா கதவருகே நின்றார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போவோமா, இல்லை முழங்கை தெரியும் பழையதா என்பது அந்த டார்ச் வெளிச்சத்தில் இருந்தது.

குறை கிடைத்தது. கடைசிப் பொத்தான். ஒற்றை நூலில் தொங்கியது.

தம்பி துள்ளி எழுந்தான். “படம் எடுக்கட்டுமாப்பா? டெலிவரி கட்டணம் வந்துடும்.”

அப்பா பொத்தானைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பார்க்காமலே சொன்னார்.

“பேசாம போய் ஊசி எடுத்துட்டு வாடா.”

உனக்குத் தைக்கத் தெரியுமா என்று அத்தை கேட்டார். பத்து ஆள் ஏறும் லிஃப்டையே கம்பியில் தொங்கவிடுகிறவன், ஒரு பொத்தானைத் தொங்கவிட மாட்டேனா என்றார் அப்பா. தைத்தார். நூலை இழுத்து, சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. பாதுகாப்பு விதிகளின்படி தைத்தார். அந்தப் பொத்தான் இன்றுவரை கழலவில்லை. துளைக்குள் நுழையவும் இல்லை. அம்மா மேலே உள்ளவற்றை மட்டும் மாட்டிக்கொண்டு, அதை அப்படியே விட்டுவிட்டு, திங்கட்கிழமை தனியாகக் கிளம்பிப் போனார். நாங்கள் நான்கு பேரும் வீட்டிலேயே இருந்தோம். பெரிய தியாகம். அத்தையைக் கேளுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன் ஐயா.

அவையோரே, கேளுங்கள். உரிமையைக் கேளுங்கள். உரக்கக் கேளுங்கள். உடையின் விலையைக் கேளுங்கள், வராத வண்டியின் வாடகையைக் கேளுங்கள், கடைசிக் காசு கைக்கு வரும்வரை கேளுங்கள். கேட்க வெட்கப்படுகிறவன் காசில்தான் கடைகள் கண்ணாடிச் சுவர் வைக்கின்றன. ஆனால், ஆனால், ஆனால்! ரத்து என்னும் பொத்தானில் விரல் வைக்கும் முன், வீட்டுக்குள் திரும்பி ஒரு கேள்வி கேளுங்கள். சமையலறைக்கும் கேட்கும்படி கேளுங்கள். இந்தப் பொட்டலத்துக்காக யாராவது காத்திருக்கிறீர்களா? பதில் வந்தால், கட்டணத்தை விட்டுவிடுங்கள். அது தோல்வி அல்ல. அப்பா, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அது தோல்வி அல்ல.

கைதட்டல் எனக்கு வேண்டாம். மூன்றாவது வரிசைக்குத் தட்டுங்கள்.

அம்மாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார் செயலாளர். வர இயலவில்லை என்று அம்மா தெரிவிக்கச் சொன்னார். இன்று அச்சகத்தில் வேலை நாள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுமையிழந்தும் எழாமல் இருந்த இளையோர்க்கும், பேசி முடிக்கும் வரை ஒலிபெருக்கியை உயிரோடு வைத்திருந்த ஒலியமைப்பாளர்க்கும் நன்றி சொல்லி, எல்லோரையும் வணங்கி இறங்குகிறேன்.