உதைத்தால் நிற்கும் வலி

அப்போதெல்லாம் கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்து ஆஸ்பத்திரியில், என் இடுப்புக்கு டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயந்து நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மலைமேல் குண்டூர் நாட்டு மிளகுக்காரர் ஒருவர், மச்சான் தோளைப் பிடித்தபடி.

"எவ்வளவு நாளா இடுப்பு வலி?" என்றார் டாக்டர்.

"கல்யாணத்துக்கு முந்தியே உண்டுங்க, சாமி. இப்ப மூட்டையே தூக்க முடியலீங்க."

"இத்தனை நாள் என்ன வைத்தியம்?"

"ஊட்டுக்காரி உதைப்பாளுங்க."

வரிசையே சிரித்தது. பயத்தை மறந்து நானும் சிரித்தேன்.

மச்சான் சொன்னார்: "என் தங்கச்சி கால் முன்னால வந்து பொறந்தவளுங்க. அப்படிப் பொறந்தவ உதைச்சா வலி நிக்குமுன்னு, நாடே வந்து அவகிட்ட முதுகைக் காட்டும்."

"அப்ப அவளையே உதைக்கச் சொல்றதுதானே?" என்றார் டாக்டர்.

மிளகுக்காரர் மெல்லச் சொன்னார்: "ஆடியில காய்ச்சல்னு அவளை டோலி கட்டி இங்கதான் தூக்கியாந்தோமுங்க. அப்ப இடுப்பு மறுபடி புடிச்சதுங்க. திரும்பி மலையேறறப்ப உதைக்க ஆளில்லீங்க."